பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் புதிதாக வந்தவர்களை எப்படித் தயார்படுத்துவது?

கேள்வி: கூடலூர் பக்கம் எஸ்டேட் பகுதியில் ஒரு அரசு நடுநிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியராக வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. பள்ளி மேலாண்மைக் குழு புதிதாக அமைந்திருக்கிறது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் தேயிலை பறிக்கும் தாய்மார்கள், இரண்டு பேர் பனியர் பழங்குடியினர். கூட்டத்துக்கு வருகிறார்கள், ஒரு வார்த்தை பேசுவதில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஒரு நாள் பயிற்சி கொடுத்தும் பலனில்லை. இவர்களை எப்படித் தயார்படுத்துவது?

பதில்:

டீச்சர், அவர்கள் பேசாமல் இருப்பதற்குப் படிப்புக் குறைவு காரணம் இல்லை. ஆசிரியர் பயிற்றுநராக நீலகிரியில் 16 வருடம் பள்ளி பள்ளியாக அலைந்தவள் நான். லைனில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், தண்ணீர் வரவில்லை என்றால் இதே பெண்கள் எஸ்டேட் ஆபீஸ் முன்னால் நின்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எந்தத் தேதியிலிருந்து வரவில்லை, யாரிடம் சொன்னோம், அவர் என்ன பதில் சொன்னார் என்று வரிசையாகச் சொல்வார்கள். பேசத் தெரியாதவர்கள் இல்லை. நம் கூட்டங்களில் அவர்களுக்குத் தெரிந்த விஷயம் எதுவும் பேச்சுக்கே வருவதில்லை. சுற்றறிக்கை வாசிக்கிறோம், செயலியில் பதிவு செய்கிறோம், நோட்டை நீட்டுகிறோம். அவர்களிடம் இருப்பது பள்ளியைப் பற்றிய வேறொரு அறிவு. அதை உள்ளே கொண்டுவருவதுதான் தயார்படுத்துவது என்பது என் கருத்து.

என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பள்ளியில் கூட்டம். நல்ல மழை, இருட்டிக்கொண்டு வந்தது. தீர்மானத்தை அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று வெறும் பக்கத்தில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன். ஒரு அம்மா பேனாவைப் பிடித்தபடி அந்த வெள்ளைத் தாளையே கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுல என்ன எழுதுவீங்க?" என்றார். "வழக்கமா எழுதுறதுதான்" என்றேன். போட்டுவிட்டார். அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை, அதற்கடுத்ததற்கும் வரவில்லை. வீடு தேடிப் போனபோது சொன்னார்: "வீட்டுக்காரர் எதுக்குக் கையெழுத்துப் போட்டேன்னு கேட்டாரு. எனக்குச் சொல்லத் தெரியல. ரொம்ப அவமானமா இருந்துச்சு." அந்தக் குழுவிலேயே கேள்வி கேட்ட ஒரே ஆள் அவர். அவரை வெளியே அனுப்பியது நான்தான்.

அன்றிலிருந்து நான் விடாமல் சொல்லி வருவது இது. எழுதி முடித்து, சத்தமாக வாசித்துக் காட்டி, "இதைத்தானே பேசினோம்?" என்று கேட்ட பிறகுதான் கையெழுத்து. நேரமாகிவிட்டால் ஒரே ஒரு தீர்மானம் போதும், மற்றதை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் குழு ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட பக்கங்கள் இருக்கும் அல்லவா? அடுத்த கூட்டத்தில் அவற்றை எடுத்து வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் என்னவெல்லாம் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

சரி, பயிற்சிக்கு வருவோம். அடுத்த கூட்டத்தை அறைக்குள் வைக்காதீர்கள். உறுப்பினர்களைக் கூட்டிக்கொண்டு பள்ளியை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். ஒரு மணி நேரம் போதும். நீங்கள் விளக்கிக்கொண்டே போக வேண்டாம், அவர்கள் பின்னால் நடங்கள். பந்தலூர் பக்கம் ஒரு பள்ளியில் இப்படிப் போனபோது பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்கு வந்தோம். 'உள்ளது, பயன்பாட்டில் உள்ளது' என்று வருடக்கணக்காகப் படிவத்தில் நிரப்பி வந்த கழிப்பறை அது. ஒரு அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். உடனே திறந்துகொண்டு வந்து தாழ்ப்பாளைக் காட்டினார். அவருடைய தோள் உயரத்தில் இருந்தது. "ஒண்ணாங் கிளாஸ் புள்ள இதை எப்படிப் போடும்?" பக்கத்தில் நின்ற மூன்றாம் வகுப்புச் சிறுமி சொன்னாள்: "ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய கதவைப் பிடிச்சுக்குவோம்." பிடிக்க ஆள் இல்லாத நாளில் சின்னப் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. இரண்டு அடி கீழே இன்னொரு தாழ்ப்பாள் வைக்க நூறு ரூபாய்கூட ஆகவில்லை. அடுத்த கூட்டத்தில் முதலில் வாய் திறந்தவர் அந்த அம்மாதான். பேசச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

நம் மலையில் இந்தச் சுற்றுக்கு இன்னும் கூடுதல் அர்த்தம் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை கூடலூரையும் பந்தலூரையும் போட்டு எடுக்கும். வடகிழக்கு மழை வந்தால் குன்னூர், கோத்தகிரி பக்கம் மண் சரியும். வகுப்பறைக்கு மேலே சாய்ந்து நிற்கும் கற்பூர மரம், வயிறு தள்ளிக்கொண்டிருக்கும் தடுப்புச்சுவர், ஆணி கழன்ற கூரைத் தகடு, மழைநீர் போக வழியில்லாத பின்பக்கம், இதையெல்லாம் லைன் வீட்டில் வாழ்கிறவர்கள் நம்மைவிட முன்னால் கண்டுபிடிப்பார்கள். சத்துணவு அரிசி எங்கே இருக்கிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அரிசி வாசனைக்கு யானை வந்து சுவரை உடைப்பது உங்கள் ஊருக்குப் புதிதில்லை. அந்த அறை வகுப்பறையை ஒட்டி இருந்தால், அது உடனே பேச வேண்டிய விஷயம்.

சுற்றி முடித்து வந்து உட்கார்ந்த பிறகு சட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள். அப்போதுதான் அது காதில் ஏறும். கட்டுக்கட்டாகக் கையேடு வேண்டாம், பத்து நிமிடப் பேச்சு போதும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 21ஆம் பிரிவுதான் இந்தக் குழுவுக்கு அடிப்படை. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், நலிந்த பிரிவினரின் பிள்ளைகள் எந்த அளவில் படிக்கிறார்களோ அந்த அளவில் அவர்களுடைய பெற்றோருக்கு இடம் வேண்டும். தமிழ்நாட்டில் 2022இல் 20 பேர் கொண்ட குழுவாக இருந்தது. 2024இல் திருத்தி அமைத்தபோது 24 ஆயிற்று, முன்னாள் மாணவர்களும் உள்ளே வந்தார்கள். தலைவர் பெற்றோரில் ஒருவர். நீங்கள் கூட்டத்தைக் கூட்டுகிறவர். இந்தக் கடைசி விஷயத்தை அவர்கள் காதில் விழும்படி நீங்களே சொல்லுங்கள். "தலைமையாசிரியர் கூப்பிட்டதால் வந்தோம்" என்றுதான் இதுவரை நினைத்திருப்பார்கள்.

குழுவின் வேலை என்று சட்டம் சொல்வதும் சிக்கலானதில்லை. பள்ளி எப்படி நடக்கிறது என்று கவனிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, வரும் பணம் சரியாகச் செலவாகிறதா என்று பார்ப்பது. கூடவே, அந்தப் பகுதியில் பள்ளிக்கு வராத பிள்ளை யாரும் இல்லாமல் பார்த்துக்கொள்வது. இந்த வேலையில் உங்கள் உறுப்பினர்களை மிஞ்ச ஆள் கிடையாது. இப்போது எஸ்டேட்டுகளில் ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய வேலை செய்கின்றன. எந்த லைனில் எந்தப் பிள்ளை தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருக்கிறது என்பது பக்கத்து வீட்டு அம்மாவுக்குத்தான் தெரியும். மாற்றுச் சான்றிதழ் இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று சொல்லி அந்தப் பிள்ளையைச் சேர்க்காமல் இருக்க முடியாது, சட்டம் அதை அனுமதிக்கவில்லை. இந்த ஒரு தகவலைப் புதிய உறுப்பினருக்குக் கொடுத்துப் பாருங்கள். அடுத்த மாதம் ஒரு பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு வருவார்.

அடுத்தது பணம். இங்கேதான் பல தலைமையாசிரியர்கள் தயங்குகிறார்கள். கணக்கைக் காட்டினால் கேள்வி வருமே என்ற பயம். கேள்வி வரட்டும் டீச்சர். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளி மானியம் பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்து வருகிறது. 31 முதல் 100 பேர் வரை படித்தால் ஆண்டுக்கு 25,000 ரூபாய், 101 முதல் 250 வரை என்றால் 50,000 ரூபாய், அதில் 10 சதவீதமாவது சுத்தம் சுகாதாரத்துக்குப் போக வேண்டும். உங்கள் பள்ளிக்குரிய தொகையை ஒரு சார்ட்டில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். அதன் கீழே எதற்கு எவ்வளவு போனது என்று மாதாமாதம் எழுதுங்கள். பில்களைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வாரச் சம்பளத்தில் அட்வான்ஸ் பிடித்தது, ரேஷன் பிடித்தது எல்லாம் கணக்குப் பார்க்கிற கைகள் அவை. எனக்குத் தெரிந்து ஒரு பள்ளியில் துடைப்பம் வாங்கிய பில்லைப் பார்த்துவிட்டு, "இந்த விலைக்கு எதுக்குப்பா வாங்கினீங்க, சந்தையில பாதி விலைதானே" என்றார் ஒரு உறுப்பினர். அதற்கப்புறம் துடைப்பம் வாங்கும் பொறுப்பு அவருக்கே போனது. யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை.

கூட்ட நேரத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பாதிப் பிரச்சினை அங்கேதான். மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை பிற்பகல் கூட்டம் என்பது வழக்கம். அந்த நேரத்தில் இலை எடை போடுவார்கள். நாள் முழுக்கப் பறித்த இலையை எடைக்கு நிறுத்தாமல் வந்தால் அந்தக் கிலோ யார் பெயரில் போகும் என்ற கவலையோடு ஒருவர் உங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். மனது அங்கேயே இருக்கும், எப்படிப் பேசுவார்? சாயங்காலம் தள்ளி வைக்கலாம் என்றால் பனியும் இருட்டும் யானையும். ஆக, நமக்குக் கிடைப்பது சின்ன இடைவெளி. எஸ்டேட் நிர்வாகத்துக்குப் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் கொடுங்கள்: இன்னின்னார் குழு உறுப்பினர்கள், மாதத்தில் ஒரு நாள் இத்தனை மணிக்கு விட்டால் உதவியாக இருக்கும், அவர்கள் இலையை முதலில் எடை போட்டு அனுப்புங்கள் என்று. நேரில் போய்க் கொடுங்கள். தபாலில் அனுப்பினால் அது மேஜையிலேயே கிடக்கும். உறுப்பினர்களில் இஸ்லாமியப் பெற்றோர் இருந்தால் ஜும்ஆ தொழுகை முடிந்து வர நேரம் விடுங்கள். கைக்குழந்தையோடு வருகிறவருக்கு, பக்கத்தில் அங்கன்வாடி இருந்தால் அந்த டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் குழந்தையை அங்கே விடலாம். சூடாக ஒரு டீ கட்டாயம் வேண்டும்.

நாற்காலிகளையும் கவனியுங்கள். உங்கள் பகுதியில் 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் நிறைய. தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்தில் இருந்தவர்கள். துரை அறைக்குள் உட்காரும் பழக்கம் அவர்களுடைய தாத்தா பாட்டிக்கு இருந்ததில்லை. தலைமையாசிரியர் அறையும் அவர்களுக்கு அப்படித்தான் தெரிகிறது. மேஜைக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் அவர்கள் என்று இருந்தால் நின்றுகொண்டுதான் பதில் சொல்வார்கள். ஒரு வகுப்பறையில் பெஞ்சுகளை வட்டமாகப் போட்டு நீங்களும் அதே பெஞ்சில் உட்காருங்கள். கூட்டத்தைத் தலைவர் நடத்தட்டும். முதல் இரண்டு மாதம் தடுமாறுவார். முந்தின நாள் அவரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து, நாளைக்கு எதையெல்லாம் பேசப் போகிறோம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். நடுவில் அவர் நிறுத்திவிட்டால் நீங்கள் எடுத்துப் பேசாதீர்கள். கொஞ்சம் பொறுத்திருந்தால் அவரே தொடர்வார், இல்லாவிட்டால் பக்கத்தில் இருக்கும் ஒருத்தர் எடுத்துக் கொடுப்பார்.

அந்த இரண்டு பனியர் உறுப்பினர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்கள் வீட்டில் பேசுவது பனிய மொழி, கடையில் மலையாளம், பள்ளியில் தமிழ். வேகமான அலுவலகத் தமிழில் நடக்கிற கூட்டம் அவர்களுக்கு மழைச் சத்தம் மாதிரிதான். அவர்கள் ஊரில் பத்தாவதோ பன்னிரண்டாவதோ படித்த பிள்ளை ஒருத்தி இருந்தால் கூட்டத்துக்கு வரச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். அப்புறம், எல்லோர் முன்னிலும் "நீங்க என்ன சொல்றீங்க?" என்று திடீரென்று கேட்டு அவர்களைக் கூச வைக்க வேண்டாம். மூன்று நான்கு பேராகப் பிரித்து ஐந்து நிமிடம் பேச விட்டு, அந்தக் குழு சார்பாக ஒருவர் சொல்லட்டும். பழங்குடிப் பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்குப் பிறகு ஏன் வருவதில்லை என்று அறிக்கை அறிக்கையாக எழுதுகிறோம். அதற்குப் பதில் தெரிந்த இரண்டு பேர் உங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். பதில் பெரும்பாலும் நாம் நினைத்திராத ஒன்றாக இருக்கும். ஒரு ஊரில் நாங்கள் கேட்டபோது, வகுப்பில் பிள்ளையைப் பெயர் சொல்லாமல் சாதி சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்றார்கள். அதைச் சரி செய்ய மானியம் எதுவும் தேவைப்படவில்லை.

எங்கே நிற்க வேண்டும் என்பதையும் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பாடம் நடக்கும்போது வகுப்பறைக்குள் போய் ஆசிரியரைக் கேள்வி கேட்பது குழுவின் வேலை இல்லை. ஆசிரியர் வருகை பற்றிக் குறை இருந்தால் கூட்டத்தில் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஒரு பிள்ளையின் வீட்டு விஷயம், உடல்நிலை, மதிப்பெண் இவையெல்லாம் கூட்டத்தோடு முடிய வேண்டும், பஸ் ஸ்டாப்புக்குப் போகக் கூடாது.

இதைவிட முக்கியமானது ஒன்று. ஒரு பிள்ளைக்குப் பாலியல் தொல்லை நடந்ததாகச் சந்தேகம் வந்தால், அதைக் குழுவில் வைத்துப் பேசித் தீர்க்கவே கூடாது. ஊர்ப் பெரியவர்கள், எஸ்டேட் ஆட்கள், இரண்டு வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து சமாதானம் பேசுவது மலையில் இன்னும் நடக்கிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் போலீஸிடம் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் அதுவே குற்றம். பிள்ளையின் பெயரோ அடையாளமோ வெளியே வரக் கூடாது. குழந்தைகளுக்கான 1098 எண்ணை ஒவ்வொரு உறுப்பினரின் போனிலும் நீங்களே உட்கார்ந்து பதிந்து கொடுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணையும் அதோடு சேர்த்துவிடுங்கள். பயிற்சி நாளில் வேறு எது விட்டுப்போனாலும் இது விட்டுப்போகக் கூடாது.

பள்ளி வளர்ச்சித் திட்டம் மூன்று ஆண்டுக்கானது. பல பள்ளிகளில் பழைய திட்டத்தைத் தேதி மாற்றி எழுதிவிடுகிறார்கள். புதிய குழுவுக்கு இதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது. சுற்றுப் போனபோது பார்த்ததை வைத்துத் தொடங்குங்கள். அத்தோடு பிள்ளைகள் நடந்து வரும் பாதைகளை உறுப்பினர்களே தரையில் சாக்பீஸால் வரையட்டும். எந்த வளைவில் உண்ணிப்புதர் மண்டிக் கிடக்கிறது, எங்கே யானை கடக்கும், எங்கே விளக்கு இல்லை என்று குறிக்கச் சொல்லுங்கள். புதர் வெட்டவும் விளக்குப் போடவும் உள்ளாட்சிக்கு ஒரு தீர்மானம், யானை நடமாட்டத்தை முன்கூட்டியே சொல்ல வனத்துறைக்கு ஒரு தீர்மானம். தூரத்துக் குக்கிராமப் பிள்ளைகளுக்கு வாகன வசதியும் துணைக்கு ஆளும் கொடுக்கத் திட்டம் இருக்கிறது, ஆனால் பட்டியல் பள்ளியிலிருந்து போக வேண்டும். அந்தப் பட்டியலை உங்களைவிடச் சரியாக எழுதக்கூடியவர்கள் அவர்கள். தீர்மானத்தைச் செயலியில் ஏற்றுவதோடு நிறுத்தாமல், மனுவின் நகலைத் தலைவர் கையில் கொடுத்து, சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு இரண்டு உறுப்பினர்களோடு அனுப்புங்கள். முதல் தடவை நீங்களும் கூடப் போங்கள். ரசீது வாங்கி வந்து அடுத்த கூட்டத்தில் காட்டட்டும்.

இன்னொன்று, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் குழுவில் அதிகமாக இருந்தால் பிள்ளை பள்ளியை விட்டதும் அவர்களும் போய்விடுவார்கள். அவர்கள் கற்றுக்கொண்டதும் கூடவே போய்விடும். அப்படி யாராவது இருந்தால் இப்போதே ஒரு சின்ன வகுப்புப் பெற்றோரை அவரோடு சேர்த்துவிடுங்கள். மனு கொடுக்கப் போகும்போதும் பில் பார்க்கும்போதும் இருவரும் சேர்ந்தே போகட்டும்.

இதுவரை ஒரு கூட்டத்துக்கும் வராத உறுப்பினர் ஒருவராவது உங்கள் பட்டியலில் இருப்பார். போன் பண்ண வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கு நேரில் போங்கள். தலைவரையும் கூட்டிக்கொள்ளுங்கள். காலையில் துணி துவைத்து முடித்துப் பதினொரு மணிக்கு மேல்தான் உட்காருவார்கள், அந்த நேரம் பார்த்துப் போங்கள். ஏன் வரவில்லை என்று ஆரம்பிக்காமல் பிள்ளையைப் பற்றிப் பேசுங்கள், நோட்டில் அவன் நன்றாக எழுதிய பக்கம் ஒன்றை எடுத்துப் போய்க் காட்டுங்கள். மழைக்காலமாக இருந்தால் லைன் பாதையில் அட்டை ஏறும், பையில் கொஞ்சம் உப்பு வைத்துக்கொள்ளுங்கள்.